கதை கேட்க ஓர் ஆள்

அம்மா இறந்து எட்டாவது மாதம் எனக்கு மாத்தளைப் பக்கம் நாவுலவுக்கு இடமாற்றம் வந்தது. அதற்கு முன் மூன்று முறை வந்த இடமாற்றங்களை, வயதான தாயைப் பார்க்க வேறு ஆளில்லை என்று எழுதிக் கொடுத்து நிறுத்தியிருந்தேன். நான்காவது முறை எழுதுவதற்கு ஒன்றுமில்லை. கடிதத்தைக் கொண்டுவந்து தந்த எங்கள் கந்தோர் லிகிதர், "இந்த முறையும் ஒரு அப்பீல் போடுவமோ?" என்று வழக்கம்போலக் கேட்டார். பிறகு அவருக்கே நினைவு வந்துவிட்டது. மேசையில் ஒழுங்காக இருந்த கோப்புகளை எடுத்து மறுபடி அடுக்கத் தொடங்கினார்.

நான் சிறு குளங்களைப் பார்க்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர். குளக்கட்டு, தண்ணீர் திறந்துவிடும் துருசு, மிஞ்சிய நீர் வழியும் வான் இவைதான் என் வேலை. யாழ்ப்பாணத்தில் அந்த வேலை பாதி கடதாசியில் நடந்தது. நாவுலவில் காலால் நடக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்போது எனக்கு வயது நாற்பத்து நான்கு. கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பெரிய காரணம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அப்பா நேரத்தோடு போய்விட்டார். அண்ணா கனடாவுக்குப் போனான். வந்த இரண்டு சம்பந்தங்களும் சரிவரவில்லை. பிறகு அம்மாவும் நானும் மட்டுமாக இருக்கப் பழகிவிட்டோம்.

நாவுலவில் தனியாக ஒரு பெண் தங்கத் தோதான வீடு கிடைக்கவில்லை. அதனால் மாத்தளை டவுனில் ஓர் அனெக்ஸ் பார்த்தேன். காலையில் தம்புள்ளை பஸ்ஸில் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் நாவுல. வீடு பார்க்கப் போன அன்று பக்கத்துக் கடைக்காரர், "தாத்தா உள்ளுக்கு ஈக்காங்க, போங்க" என்றார். நான் ஒரு வயோதிபரை எதிர்பார்த்துக் கதவைத் தட்டினேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஓர் அம்மா வந்து நின்றார். அங்குள்ள முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்றுதான் அழைப்பார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அறுபது தாண்டிய அந்த அம்மாவை ஊரே தாத்தா என்றது. நானும் அப்படியே அழைக்கத் தொடங்கினேன். கணவர் இறந்து ஆறு வருடம். மகன் கட்டாரில், மகள் கொழும்பில். பெரிய வீட்டில் அவர் தனி, பக்கத்து அனெக்ஸில் நான் தனி. அவருடைய அடுப்படிக்கும் என் முன்னறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். சுவரின் மேற்பகுதியில் காற்று வருவதற்கென்று துளை வைத்த கற்களைப் பதித்திருந்தார்கள். அவர் தேங்காய் துருவுவது எனக்குக் கேட்கும். நான் இருமினால் அவருக்குக் கேட்கும். ஆனால் முதல் இரண்டு மாதமும் கேட்டுக்கொண்டதைத் தவிர இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

கார்த்திகை வந்தது. எங்கள் ஊரில் கார்த்திகைப் பூரணைக்கு அடுத்த நாள் தொடங்கி இருபத்தொரு நாள் பிள்ளையாருக்கு விரதம் பிடிப்பார்கள். இருபத்தொரு இழையில் நூற்காப்புக் கட்டி, ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டு, ஒவ்வொரு நாளும் பிள்ளையாரின் கதையைப் படிக்க வேண்டும். ஒருவர் பாட்டாக வாசிக்க மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். நான் நினைவறிந்த நாள் முதல் எங்கள் வீட்டில் அம்மா வாசிப்பா, நான் கேட்பேன். வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அதில் இல்லாத ஒரு கதையைத் தன் வாயால் சொல்லுவா. அதற்காகத்தான் சின்ன வயதில் நான் நித்திரை கொள்ளாமல் இருப்பேன்.

கடைசி வருடம் அம்மா பதினோராம் நாள் வரைக்கும் வாசித்தா. பன்னிரண்டாம் நாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கட்டிலில் கிடந்தபடி தன் மணிக்கட்டில் இருந்த காப்பையே பார்த்துக்கொண்டிருந்தா.

"பாதியில விட்டிட்டன் பிள்ளை. வாறமுறை நீ முதல்ல இருந்து பிடிச்சு முடிச்சுவிடு."

"நீங்கள் எழும்பி வந்து பிடியுங்கோ அம்மா."

"நான் இல்லாட்டிலும் பிடி. ஆனால் தனிய வாசியாதை. கதை எண்டால் கேக்க ஒரு காது வேணும். கேக்க ஆளில்லாமல் வாசிக்கக் கூடாது."

தை பிறந்து நான்காம் நாள் அம்மா போய்விட்டா. வாறமுறை என்று அம்மா சொன்னது இந்தக் கார்த்திகையைத்தான்.

டவுனில் ஒரு சிறிய பிள்ளையார் கோயில் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை போய் ஐயரிடம் விசாரித்தேன். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. நான் சொல்வதைக் கவனமாகக் கேட்டார்.

"அந்த விரதம் இங்க யாரும் புடிக்கிறதில்லைங்கம்மா. வடக்குலருந்து வந்த டாக்டரம்மா ஒருத்தங்க முன்ன கேட்டாங்க. அவங்களும் மாத்தலாகிப் போயிட்டாங்க. காப்பு நான் கட்டிவிடுறேன், அதுல ஒண்ணும் இல்ல. கதை படிக்கிறதுக்குத்தான்... இப்ப ஐயப்ப சாமிமார் தெனம் பஜனை வைக்கிறாங்க, மண்டபம் கெடைக்காது. கேக்கவும் யாரு வருவாங்க சொல்லுங்க?"

அவர் சொன்னதில் பிழையில்லை. தேயிலைத் தோட்டப் பக்கத்தில் இருந்து கறுப்பு வேட்டியோடு சாமிமார் வந்து மண்டபத்தில் நிறைந்திருந்தார்கள். நான் வீட்டிலிருந்து இருபத்தொரு இழை திரித்துக் கொண்டுபோன நூலை, பூரணைக்கு மறுநாள் காலை ஐயர் பிள்ளையார் காலடியில் வைத்து எடுத்து என் இடக் கையில் கட்டிவிட்டார்.

கேட்க ஆளில்லையே என்ற யோசனையில் அண்ணாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். எனக்கு மாலை ஆறு என்றால் அவனுக்குக் காலை ஏழரை. காரில் வேலைக்குப் போகிற நேரம்.

"இருபத்தொரு நாளுமோ?" என்றான்.

"ஒரு நாளைக்குப் பதினஞ்சு நிமிசம்தான்."

"சரி, வாசி. ஸ்பீக்கர்ல போட்டு வைக்கிறன்."

முதல் நாள் நன்றாகத்தான் போனது. காப்புப் பாட்டை நான் தொடங்கியதும் அவனும் கூடச் சேர்ந்து இரண்டு வரி சொன்னான். அவனுக்கு அது நினைவில் இருந்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டாம் நாள் இடையில் யாருக்கோ ஹோர்ன் அடித்தான். மூன்றாம் நாள் நான் வாசித்துக்கொண்டிருக்கையில், வழியில் ஒரு கடையில் காரை நிறுத்தி ஆங்கிலத்தில் கோப்பி சொல்லும் குரல் கேட்டது. சீனி இரண்டு என்றான். நான் நிறுத்தினேன்.

"நீ வாசி. நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்."

வாசித்தேன். நான்காம் நாள் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒரு பக்கத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டு அடுத்த பக்கத்தை வாசித்தேன். "ம்" என்றான். பிறகு அதே ராகத்தில், "வீட்டில உப்பு முடிஞ்சுது, நாளைக்குச் சந்தைக்குப் போகவேணும்" என்று படித்தேன். அதற்கும் "ம்" என்றான். எனக்குக் கோபம் வரவில்லை. பனியில் ஒரு மணித்தியாலம் கார் ஓட்டி வேலைக்குப் போகிறவனிடம் எதைக் கேட்பது. வாசித்து முடிந்ததும், "நாளையில இருந்து இங்க சிக்னல் சரியா வராது போல கிடக்கு அண்ணா, நான் தனியவே படிக்கிறன்" என்றேன்.

"ஓம் ஓம், அதுதான் வசதி" என்றான் உடனே.

ஐந்தாம் நாளில் இருந்து விளக்குக்கு முன்னால் இருந்து நான் மட்டும் வாசித்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. கந்தோரில் சிங்களம் பேசி, பஸ்ஸில் சிங்களம் பேசி, மாலையில் அந்த அறைக்கு வந்து தமிழில் வாயைத் திறந்தால் அது வேறு யாரோ பேசுவது போல இருந்தது. பாட்டு முடிந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன். அந்த இடத்தில் அம்மா கதை சொல்லுவா. ஏழாம் நாள் அந்த மௌனம் தாங்காமல் நானே சொல்லத் தொடங்கினேன். எதிரே அம்மா இருப்பதாகவும், இப்போது கேட்பது அவவின் முறை என்றும் நினைத்துக்கொண்டேன்.

பார்வதி தனியாக இருந்த கதையைச் சொன்னேன். சிவன் எங்கேயோ தவத்துக்குப் போய்விட்டார். வீட்டில் தனக்கென்று ஒரு மனிதரும் இல்லை என்று அவள் உடம்பில் பூசிய மஞ்சளை உருட்டி ஒரு பிள்ளையைச் செய்கிறாள். உயிர் கொடுக்கிறாள். "நான் குளித்து வரும்வரை யாரையும் உள்ளே விடாதே" என்று வாசலில் நிறுத்துகிறாள். அந்த நேரம் பார்த்துச் சிவன் திரும்பி வருகிறார். பிள்ளை வழிமறிக்கிறது. அவர் தலையை வெட்டிவிடுகிறார். அந்த இடத்தில் எனக்கு மேலே சொல்ல முடியவில்லை. விளக்கைத் தணித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை பஸ்ஸுக்குப் போக வெளியே வந்தபோது தாத்தா கேற்றடியில் நின்றார். என்னைக் காத்து நின்றவர் போலத்தான் இருந்தது.

"மகள், நேத்து அந்திக்கி அந்தப் புள்ளட தலைய வெட்டினாங்களே. பொறகு என்ன நடந்த?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. "உங்களுக்குக் கேட்டதே தாத்தா? இனிமேல் மெதுவாகச் சொல்லுறன்."

"அதுக்கில்ல. நீங்க வெட்டுன இடத்தில விட்டுட்டுப் போயிட்டீங்க. எனக்கு ராவெல்லாம் தூக்கம் இல்ல."

அந்தக் கேற்றடியிலேயே நின்று மீதியைச் சொன்னேன். பார்வதி அழுது உலகத்தையே அழிக்கப் புறப்பட்டது, சிவன் ஆட்களை அனுப்பி வடக்கே தலைவைத்துப் படுத்திருந்த யானையின் தலையைக் கொண்டுவரச் செய்தது, அதைப் பொருத்தி எழுப்பியது, எல்லாவற்றுக்கும் முதல் வணக்கம் இனி உனக்கு என்று வரம் கொடுத்தது. தாத்தாவுக்குச் சமாதானமாகவில்லை.

"சொந்தப் புள்ளய வெட்டின?"

"அவருக்குத் தெரியாதே தாத்தா."

"தெரியாட்டி கேக்கணும் தானே. வாசல்ல நிக்கிற புள்ளட்ட, நீ யாருட புள்ளன்னு ஒரு வார்த்த கேக்க ஏலாதா?"

"பிள்ளையும் வழி விடேல்ல."

"உம்மா சென்னதத்தான் செஞ்ச. அதுல அந்தப் புள்ளட பிழ என்ன?"

என் பஸ் போய்விட்டது. மாத்தளைக்கு வந்தபின் யாரோடும் அவ்வளவு நேரம் நின்று பேசியது அன்றுதான். துணிந்து, "பின்னேரம் வந்து இருங்கோவன் தாத்தா. கேக்க ஒரு ஆள் வேணும் எண்டு அம்மா சொன்னவ" என்றேன்.

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "அதுல சேர்ந்து குந்த எனக்கு ஏலா மகள். எங்கட மார்க்கத்தில அது சரியில்ல. கோவிக்காதீங்க. ஆனா அடுப்படில நான் வேல செய்யக்கொள்ள காதுல உழுற கதைக்கு நான் என்ன செய்ய?" பிறகு, "மஃரிபு தொழுதுட்டுத்தான் அடுப்படிக்கு வருவேன்" என்றார்.

அன்றிலிருந்து பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்குப் பாங்கு சொல்லி அரை மணித்தியாலம் கழித்து வாசிக்கத் தொடங்கினேன். சுவருக்கு அந்தப் பக்கம் லைட் போடும் சத்தம் கேட்கும். பாட்டு வாசிக்கும்போது பாத்திரம் கழுவுவார். நான் புத்தகத்தை மூடியதும் குழாயை நிறுத்திவிடுவார். அவர் குந்தும் பலகைக்கட்டை தரையில் இழுபடும். நான் குரலைக் கொஞ்சம் உயர்த்துவேன். மாம்பழத்துக்காக உலகத்தைச் சுற்றச் சொன்னபோது தாய் தகப்பனைச் சுற்றி வந்ததைச் சொன்னேன். விழுந்து வயிறு உடைந்தபோது பார்த்துச் சிரித்த சந்திரனைச் சபித்ததைச் சொன்னேன். அதற்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்புக் கேட்டது. காலையில் கேற்றடியில் கண்டால் முதல் நாள் கதையில் ஒரு கேள்வியாவது இருக்கும். அந்த ஒரு வாரமும் பஸ்ஸில் திரும்பி வரும்போது இன்று எந்தக் கதை என்று யோசித்துக்கொண்டு வந்தேன். வழியில் பாலாபத்வலையில் பஸ் நின்று நின்று வந்தாலும் எனக்கு எரிச்சல் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள், பிள்ளையார் ஏன் கல்யாணம் செய்யவில்லை என்ற கதையைச் சொன்னேன். அம்மா இதை எங்களுக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லுவா. கல்யாண வயது வந்ததும் பார்வதி மகனைக் கேட்கிறாள், உனக்கு எப்படிப்பட்ட பெண் வேண்டும் என்று. உங்களைப் போல ஒருத்தி வேண்டும் அம்மா என்கிறார் அவர். அப்படியானால் போய் என்னைப் போல ஒருத்தியைத் தேடிக்கொண்டு வா என்கிறாள் அவள். அவரும் ஆற்றங்கரையிலும் குளக்கட்டிலும் போய் இருக்கிறார். தண்ணீர் எடுக்க எல்லாப் பெண்களும் அங்கேதானே வருவார்கள். ஒவ்வொருத்தியாகப் பார்க்கிறார். அம்மாவைப் போல ஒருத்தியும் வரவில்லை.

கதையை முடித்துவிட்டு விளக்குக்கு எண்ணெய் விட்டேன். சுவரின் மேல் இருந்த கற்களின் வழியாகக் குரல் வந்தது.

"அப்ப இன்னும் குந்திக்கிட்டா ஈக்காரு?"

"ஓம் தாத்தா."

பலகைக்கட்டை ஒரு தரம் அசைந்தது. பிறகு, "அந்தத் தாய் ஒரு வார்த்த மாத்திச் செல்லி ஈக்கலாம்" என்றார்.

அவர் கதையைத்தான் சொன்னார். ஆனால் எனக்கு முப்பத்தோராவது வயதில் வந்த இரண்டாவது சம்பந்தம் நினைவுக்கு வந்தது. மாப்பிள்ளை மட்டக்களப்பில் வேலை. எல்லாம் பொருந்தியிருந்தது. இரவுச் சாப்பாட்டின்போது அம்மா, "அப்ப நான் இந்த வீட்டில தனியத்தான் என்ன?" என்று கேட்டா. கோபமாகக் கேட்கவில்லை, அழவுமில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டு கேட்டா. வேண்டாம் என்று அடுத்த நாள் நான்தான் சொன்னேன். அம்மா என்னை ஏன் என்று கேட்கவில்லை. பதின்மூன்று வருடமாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு அங்கேயே இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்தில் தாத்தா லைட்டை அணைத்துவிட்டுப் போனார்.

பதினைந்தாம் நாள் மாலை நான் வேலையால் வந்தபோது வாசலில் ஒரு கார் நின்றது. கொழும்பில் இருக்கும் மகள் வந்திருந்தார். வயிற்றில் இரண்டாவது குழந்தை. படுக்கையில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம், நாலு வயது மூத்த பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. தாத்தா ஒரு பேக்கில் உடுப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சாவிக்கொத்தை என் கையில் தந்தார்.

"பூக்கண்டுக்கு மட்டும் தண்ணி ஊத்துங்க மகள். கத முடிய இன்னும் எத்தின நாள்?"

"ஆறு நாள்."

"வாசிங்க. நான் இல்லாட்டியும் வாசிங்க."

"உம்மா, நேரமாகுது" என்று மகள் காரில் இருந்து கூப்பிட்டார். தாத்தா என் கையை ஒரு தரம் பிடித்துவிட்டுப் போனார்.

அதன்பிறகு அந்தக் கற்களின் வழியாக இருட்டுத்தான் தெரிந்தது. அடுத்த இரண்டு நாளும் பாட்டை மட்டும் வேகமாக வாசித்து முடித்தேன். கதை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு முறை வாசித்துக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி, அந்தப் பக்கம் ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்டேன். அவருடைய குளிர்சாதனப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. வேறொன்றுமில்லை.

பதினெட்டாம் நாள் விடியவே மழை. ஏழு மணிக்கு, நாவுலவுக்கு உள்ளே ஒரு கிராமத்தில் வயல் செய்யும் கமக்காரர் சங்கத் தலைவியிடமிருந்து அழைப்பு வந்தது. குளக்கட்டில் ஓரிடத்தில் நீர் கசிகிறது, உடனே வாருங்கள் மிஸ் என்றார். என் வயதை ஒத்த சிங்களப் பெண். ஏற்கெனவே இரண்டு முறை அந்தக் குளத்துக்குப் போயிருக்கிறேன். முச்சக்கர வண்டியில் போய்ச் சேர்ந்தபோது ஊர்ச்சனம் மண்மூட்டைகளோடு நின்றது. கசிவு கட்டின் வெளிப்புறத்தில் ஒரு பழைய மரவேரின் வழியாக வந்துகொண்டிருந்தது. எங்கே மூட்டை போடவேண்டும், எங்கே போடக்கூடாது என்று சொல்லிச் சொல்லி முழங்கால் வரை சேற்றில் நின்றேன். பகல் இரண்டு மணிக்குக் கசிவு நின்றது. ஆனால் அதற்குள் குளம் வான் பாயத் தொடங்கிவிட்டது. வான் வெள்ளம் பாதையைக் குறுக்கறுத்து ஓடியது. முச்சக்கர வண்டி அந்தப் பக்கம் நின்றுவிட்டது. வெள்ளம் குறையும்வரை திரும்பிப் போக வழியில்லை.

தலைவி எனக்குத் தன் வீட்டில் கால் கழுவத் தண்ணீரும் தேத்தண்ணியும் தந்தார். நான் விரதம் என்றதும் தேத்தண்ணி மட்டும் போதும் என்று விட்டுவிட்டார். நாங்கள் பேசியது சிங்களத்தில்.

"மிஸ்ஸுக்குப் பிள்ளைகள்?"

"இல்லை. கல்யாணமே இல்லை."

எல்லோரும் அந்த இடத்தில் "ஐயோ" என்பார்கள். அவர், "அப்ப வீட்டுக்குப் போக அவசரமில்லையே. வாங்க, ஒரு வேலை இருக்கிறது" என்று குடையை எடுத்தார்.

நான்கரை மணி இருக்கும். குளக்கட்டின் கோடியில் ஒரு பெரிய மருத மரம். அதன் அடியில் தகரக் கூரை ஒன்றின் கீழ் முழங்கால் உயரத்தில் ஒரு கல். நெருங்கிப் பார்த்தால்தான் தும்பிக்கை தெரியும். சிங்கள ஆட்கள் பிள்ளையாரைக் கண தெய்யோ என்பார்கள். தலைவி வழியில் ஒரு கொப்பை முறித்து வந்தார். அதை மரத்தில் கட்டியிருந்த கம்பில் தொங்கவிட்டார். காய்ந்ததும் பச்சையுமாக அங்கே ஏற்கெனவே நிறையக் கொப்புகள் தொங்கின. காட்டுப் பாதையில் போகிறவர்களும் வயலுக்குப் போகிறவர்களும் கட்டியவை.

"பொழுதுபட முன் போய்விட வேண்டும். ஒரு தனி யானை இந்தப் பக்கம் வருகிறது" என்றார். பிறகு கல்லைப் பார்த்துக் கும்பிட்டு, கட்டும் உடையக்கூடாது, யானையும் வயலுக்குள் இறங்கக்கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வது போலச் சொன்னார். யானையிடமிருந்து காப்பாற்றச் சொல்லி யானைமுகனிடம் கேட்கிறாரே என்று நினைத்தேன். அவருக்கு அதில் ஒரு வித்தியாசமும் தோன்றவில்லை.

நான் அவரிடம் கேட்டேன். "இவர் ஏன் எப்போதும் குளக்கட்டில் இருக்கிறார்?"

இது என்ன கேள்வி என்பது போலப் பார்த்தார். "கட்டைப் பார்க்கத்தான். மழை வந்தால் நாங்கள் எல்லோரும் வீட்டுக்குள்ளே போய்விடுவோம். யாராவது ஒருவர் வெளியே இருக்க வேண்டுமே."

எங்கள் ஊரில் பெண் பார்க்க இருப்பதாகச் சொல்வார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. காலையில் இருந்து அந்தக் கட்டிலேயே நின்றிருந்த எனக்கு அவருடைய காரணம் போதுமாக இருந்தது.

"எனக்கு இவரிடம் ஒரு பாட்டுப் படிக்க வேண்டியிருக்கிறது. தமிழில். கொஞ்ச நேரம் எடுக்கும்" என்றேன்.

"படியுங்கள்."

புத்தகம் மாத்தளையில் இருந்தது. முப்பத்தைந்து வருடம் கேட்ட காதில் எவ்வளவு தங்கியிருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. காப்புப் பாட்டில் தொடங்கினேன். மழைச் சத்தத்தில் குரல் எழவில்லை. சத்தமாகப் படித்தேன். ஓரிடத்தில் சொல் வராமல் நின்று, முந்தைய வரியை இரண்டு முறை சொல்லிப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்குரிய பகுதியில் பாதிக்கு மேல் வந்தது. மற்றதைத் தெரிந்த அளவுக்கு என் சொல்லில் சொன்னேன். தலைவி குடையை என் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தபடி முழு நேரமும் நின்றார். அவருடைய ஒரு தோள் நனைந்துவிட்டது. ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. முடிந்ததும், "முடிந்ததா?" என்று கேட்டார். ஓம் என்றேன். கல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வேகமாக நடந்தோம். ஐந்தரை மணிக்கு ஒரு ட்ரக்டரில் ஏற்றி என்னை வான் வெள்ளத்தைக் கடந்து விட்டார்கள்.

மாத்தளைக்கு வரும் பஸ்ஸில் ஈரச் சேலையோடு ஜன்னலோரம் இருந்து அழுதேன். ஏன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பெண் மரியாதைக்கு மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

இருபத்தோராம் நாள் லீவு போட்டுக் கடைசிப் பகுதியையும் வாசித்து முடித்தேன். பலகாரம் எல்லாம் இருபத்தொன்று செய்து படைப்பது வழக்கம். எனக்கு முடிந்தது மோதகம் மட்டும். இருபத்தொரு மோதகத்தையும் கோயிலுக்குக் கொண்டுபோனேன். ஐயர் காப்பை அவிழ்த்து வாங்கிக்கொண்டார். ஐயப்ப சாமிமார் சிலர் மண்டபத்தில் இருந்தார்கள், அவர்களுக்கு மோதகத்தைக் கொடுத்தேன். "என்ன விசேஷங்கம்மா?" என்று ஒருவர் கேட்டார். "அம்மாட விரதம்" என்றேன். வீட்டுக்கு வந்து, விரதம் தொடங்கிய பிறகு முதல்முறையாக இரவுச் சாப்பாடு சாப்பிட்டேன். நினைத்ததை முடித்த நிம்மதி இருந்தது. அதைச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. அண்ணாவுக்கு விளக்கின் படத்தை அனுப்பினேன். கும்பிடும் கை ஒன்றைத் திருப்பி அனுப்பினான்.

தாத்தா திரும்பி வருவார் என்று பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தை நடுப்பகுதியில் ஒரு நாள் மாலை அவருடைய அழைப்பு வந்தது. மகளுக்கு ஆண் குழந்தை என்றார். சுகம் விசாரித்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

"மகள், பேத்திக்கு அந்த யானத் தலப் புள்ளட கதையச் சென்னேன். கதையாத்தான், சும்மா. அவ ஒரு கேள்வி கேட்டா. எனக்கு பதில் தெரியல்ல."

"என்ன கேள்வி தாத்தா?"

"வெட்டின தல எங்க போனன்னு கேக்குறா."

எனக்கும் தெரியவில்லை. அம்மா அதைச் சொன்னதேயில்லை. நானும் கேட்டதில்லை. யானையின் தலை வந்ததும் கதை சந்தோஷமாகிவிடும். பிறகு யாரும் கீழே கிடந்த அந்தப் பிள்ளையின் முகத்தைத் தேடுவதில்லை. விசாரித்துச் சொல்லுகிறேன் என்றேன்.

ஐயரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார், பிறகு யோசித்தார். "சந்திரமண்டலத்துல இருக்குன்னு எங்கயோ கேட்ட ஞாபகம். நிச்சயமாத் தெரியலைங்கம்மா" என்றார். அவ்வளவு போதும் என்று வந்தேன். ஒரு தாய் தன் கையால் மஞ்சளில் மூக்கும் முழியும் வைத்துச் செய்த முகம் அது. புதுத் தலையோடு எழுந்த மகனைக் கட்டிக்கொண்டபோது பழைய முகத்தை அவள் நினைத்திருக்க மாட்டாளா என்று அந்த இரண்டு மூன்று நாளும் எனக்குள்ளே ஓடிக்கொண்டிருந்தது. இதைத் தாத்தாவிடம் பேச வேண்டும் என்று நினைத்தேன். கேற்றடியில் நின்று பேசியது போல நீளமாக.

ஞாயிற்றுக்கிழமை நானே அழைத்தேன். பின்னால் கைக்குழந்தை அழும் சத்தம். மூத்தது ஏதோ கத்திக்கொண்டு ஓடியது. தாத்தா மூச்சுவாங்கிக்கொண்டு பேசினார்.

"தாத்தா, அந்தத் தலை சந்திரனில இருக்குதாம்."

"எந்தத் தல மகள்?"

"பேத்தி கேட்டது."

"ஆ, அதுவா! அவ அத மறந்துட்டா. இப்ப முயலுட கத செல்லச் செல்லி உயிர எடுக்குறா." யாரையோ அதட்டினார். "நான் இங்கயே நிக்க வேண்டி வரும் போல ஈக்கு. வீட்ட யாருக்காவது கொடுக்கச் செல்லி மகன் செல்றான். நீங்க அனெக்ஸிலயே இருங்க, ஒண்ணும் யோசிக்காதீங்க. பொறகு எடுக்கிறேன், என்ன?"

"சரி தாத்தா."

வைத்துவிட்டார். பங்குனியில் அந்தப் பெரிய வீட்டுக்கு ஒரு குடும்பம் வந்தது. நல்ல மனிதர்கள். அவர்கள் செய்த முதல் வேலை, அடுப்படியைப் படுக்கையறையாக்கி ஏசி போடுவதற்காக அந்தச் சுவரின் துளைக் கற்களைச் சீமெந்து பூசி அடைத்ததுதான். இப்போது அந்தப் பக்கத்தில் இருந்து எனக்கு ஒரு சத்தமும் கேட்பதில்லை.